கேனான் இஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8: நாடக மேடைக்கு ஏற்ற லென்ஸா?

மேடையிலிருந்து பத்து மீட்டருக்குள் இடம் கிடைக்கும் என்றால், தாராளமாக வாங்கலாம். 1992-ல் வந்த லென்ஸ் இது. கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் இமேஜ் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. மேடைக்கு அது ஒரு குறையே இல்லை. நடிகர் சட்டெனத் திரும்பிக் கையை வீசினால் 1/250 நொடி ஷட்டர் வேகம் வேண்டும், துள்ளிக் குதித்தால் 1/500. அந்த வேகத்தில் கைநடுக்கம் படத்தில் ஏறாது. மேடையில் பற்றாமல் போவது வெளிச்சம்தான், அதை இந்த லென்ஸ் வாரிக் கொடுக்கிறது. எஃப் எண் சிறியதானால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம். எஃப்/2.8 ஜூமில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு, கூட்டினால் பொரியும் கூடும்) 6400 கேட்கும் காட்சி, இதில் எஃப்/1.8 வைத்தால் 2500-லேயே முடிந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் பாதி முகம் இருட்டில் கிடக்கும்போது, அந்த இருட்டுப் பாதி பொரிப்பொரியாகத் தெரியாமல் இருப்பது இதனால்தான். எடை 425 கிராம். முழு நாடகமும் கையிலேயே வைத்து எடுக்கலாம்.

தூரத்தைக் கணக்குப் போட்டு உட்காருங்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் 5 மீட்டரில் சுமார் 2.1 மீட்டர் உயரம் அடங்கும். நிற்கிற ஆள் அடங்குவார், கையைத் தூக்கினால் விரல் வெட்டுப்படும். 8 மீட்டரில் 3.4 மீட்டர் அடங்கும், அதுதான் வசதியான இடம். 15 மீட்டருக்குப் போனால் நடிகர் படத்தில் கால்வாசி உயரம்தான் இருப்பார். அங்கே 70-200 எஃப்/2.8 ஜூம் வைத்திருப்பவர்தான் பிழைப்பார்.

இதன் பெரிய குறை ஊதா விளிம்பு. அதுவும் மேடை வெளிச்சத்தில்தான் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளைச் சட்டைக் காலரில் பின்னொளி விழட்டும், எஃப்/1.8-ல் காலரின் ஓரம் முழுக்க ஊதாக் கோடு ஓடும். ஜரிகை, நகை, வாள் முனை எல்லாவற்றிலும் இதே கதை. எஃப்/2.2-ல் குறையும், எஃப்/2.8-ல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் முன்னொளி மங்கலாக இருக்கும் காட்சிகளுக்கு 1.8, வலுவான பின்னொளிக்கு 2.8 என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஃபோகஸில் தெளிவாக விழும் ஆழமும் கூடும்: 5 மீட்டரில் எஃப்/1.8 தருவது ஏறக்குறைய 37 செ.மீ., எஃப்/2.8 தருவது 58. முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரில் ஒருவர் மங்கிப் போவது இந்தக் கணக்கினால்தான்.

ஃபோகஸ் வேகமானது, சத்தமும் இல்லை. ஆனால் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இல்லாததால், அடர்நீல வெளிச்சத்தில் பிடி கிடைக்காமல் கோடியிலிருந்து கோடிக்கு ஓடிவிட்டு வரும். அப்போது ஆட்டோஃபோகஸை (ஏஎஃப்) அணைக்கும் சுவிட்சைத் தேட வேண்டாம். ஏஎஃப் நிலையிலேயே வளையத்தைத் திருப்பிக் கையால் பிடிக்கலாம். இருட்டில் பெரிய உபகாரம்.

எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள். பின்னால் உள்ள கறுப்புத் திரையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து, முகத்தை வெளுக்கடித்துவிடும். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளந்து, அதிலேயே நிறுத்துங்கள். சிவப்பு எல்இடி விளக்கில் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நல்லபடியாகத்தான் தெரியும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி, கன்னமும் மூக்கும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒரு ஸ்டாப் குறைத்து (வெளிச்சத்தைப் பாதியாக்கி), பிறகு திருத்த இடம் தரும் ரா ஃபைலாக எடுங்கள்.

லென்ஸ் முகப்பில் மாட்டும் ஒளிமறைப்பான ஹூட் தனியாக வாங்க வேண்டும், இடி-65 III என்பது அதன் பெயர். லென்ஸைப் பார்த்து எரியும் விளக்குகளுக்கு அது அவசியம். யுவி ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பாட்லைட்டின் பிம்பம் அதில் பட்டுத் திரும்பி, படத்தில் பச்சைப் பொட்டாக விழும்.

கேனானின் மிரர்லெஸ் கேமராவில் (கண்ணாடி இல்லாத புது வகை) இணைப்பு வளையமான அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாம் இயங்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும் எச்சரிக்கை: எல்இடி விளக்குகளின் துடிப்பு படத்தில் குறுக்குக் கோடுகளாகப் பதியும். கோடு தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, அதன் சத்தம் கேட்காதபடி வசனம் இல்லாமல் இசை ஓங்கும் இடங்களில் அழுத்துங்கள்.