டே ஜாங் கும்: நெடுநாள் பார்வையாளரின் மதிப்பீடும் தீராத ஓர் எரிச்சலும்

கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பரின் மகள் அண்மையில் வந்த கொரியத் தொடர்களை ஒன்று விடாமல் பார்க்கிறாளாம். ‘பழைய டே ஜாங் கும் இன்றைக்கும் பார்க்கத் தகுந்ததா?’ என்று நண்பர் என்னிடம் கேட்டார். தருமபுரியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சில ஆண்டுகளாகவே அந்தத் தொடர் முடிவதும் மறுபடி தொடங்குவதுமாக இருப்பதால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் என்னால் பதில் கூற இயலவில்லை. அரண்மனை அடுக்களைக்கு வந்து சேரும் ஓர் அநாதைச் சிறுமி அரசரின் மருத்துவராக உயரும் கதை பலரும் அறிந்தது என்பதால் அதை மீண்டும் விவரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இத்தொடரின் முதன்மைப் பார்வையாளர் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை என் மகள்தான் தமிழில் வாசித்துச் சொல்வாள். ஆனால் அடுக்களைக் காட்சிகள் வந்துவிட்டால் அவள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும்படி, சமையல் கற்றுத்தரும் ஹான் சாங்குங் (சாங்குங் என்பது அரண்மனைப் பணிப்பெண்களில் மூத்தவருக்குரிய பட்டம்) சிறுமியிடம் சொல்லி, கொண்டுவந்த தண்ணீரை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். கடைசியில் அந்தச் சிறுமி, வயிறு வலிக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று கேட்டுவிட்டு, வெந்நீரில் சிறிது உப்பிட்டுக் கொண்டுவருகிறாள். அந்த இடத்தில் மகள் வாசிக்கத் தொடங்கியதும், “இதை வேற படிச்சுச் சொல்லணுமா?” என்று அம்மா தடுத்துவிட்டார். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைகளை உடைய அவர், திரையில் காய் நறுக்கும் கைகளைத்தான் உற்றுப் பார்ப்பார். முகங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கொரிய அரச சமையல் மரபின் வல்லுநரான ஹான் போக்-ர்யோ இத்தொடருக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதால், அந்தக் கைகள் அம்மாவின் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன.

வெளிநாடுகளில் இத்தொடர் நிலைத்ததற்கான காரணத்தையும் நான் இங்கேதான் காண்கிறேன். 2003 செப்டம்பர் முதல் 2004 மார்ச் வரை கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இத்தொடர் 2005-இல் ஹாங்காங்கைக் கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டு ஈரானின் அரசுத் தொலைக்காட்சிக்குச் சென்றது. 2012-இல் இலங்கையின் ரூபவாஹினி அதைச் சிங்களத்தில் வழங்கியது. ஈரானியருக்கோ இலங்கையருக்கோ அந்நாளில் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசர்களின் வரிசை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒரு வேலையைச் செம்மையாகச் செய்யக் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் புரிந்துகொள்ள எவருக்கும் முன்னறிவு வேண்டியதில்லை. கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடைகளோடும் முகம் சுளிக்க வைக்கும் காட்சிகள் ஏதுமின்றியும் அமைந்திருப்பதால், பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்க முடிகிறது என்பதும் சிறிய காரணமன்று.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். மொத்தமுள்ள 54 பகுதிகளில் ஏறத்தாழச் சரிபாதியில் ஹான் சாங்குங்கைக் கொன்றுவிடுகிறார்கள். அவரோடு அடுக்களையும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மருத்துவம் வருகிறது. அதைவிட அதிகமாகச் சதி வருகிறது. அடுக்களை அதிகாரத்தை விட்டுக்கொடுக்காத சோய் குடும்பத்தார் கதவை மூடிக்கொண்டு திட்டமிடுவார்கள், யாரோ வெளியே நின்று ஒட்டுக்கேட்பார்கள், பழியை யாரோ சுமப்பார்கள், கண்கள் விரியும் நேரத்தில் பகுதி முடியும். 50 பகுதிகளாகத் திட்டமிட்டிருந்ததைப் பார்வையாளர் ஆதரவு கண்டு 54 ஆக நீட்டினார்கள். நீட்டாமல் இருந்திருந்தால் இந்தச் சதிகளில் இரண்டேனும் குறைந்திருக்கும் என்று நான் இன்றுவரை நம்புகிறேன். திங்கள், செவ்வாய் இரவுகளில் மட்டும் பார்த்த கொரியர்களுக்கு இந்த உத்தி சலிக்காமல் இருந்திருக்கலாம். அடுத்தடுத்துப் பார்க்கும் நமக்கோ, கதவு மூடப்படும்போதே ஒட்டுக்கேட்பவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்கும் மேலாக, எந்த அமைச்சர் யார் பக்கம், எந்தக் கடிதம் யார் கையில் என்பதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்வதற்காக நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. மகள் சோர்ந்து எழுந்துவிடும் இரவுகளில் அந்தப் பணி என் தலையில் விழுகிறது.

நியாயமாகப் பேசினால், மருத்துவப் பாதி இல்லாமல் இத்தொடரே இல்லை. ஜாங் கும் என்ற பெண் மருத்துவர் ஜோசன் அரச ஆண்டுக்குறிப்புகளில் சில இடங்களில் மட்டும் தென்படுகிறார். தம் உடல்நிலையைப் பெண் மருத்துவர் அறிவார் என்று மன்னர் ஜுங்ஜோங் 1544-இல் கூறியதாகவும் அங்கே பதிவு உண்டு. வரலாறு கொடுத்தது இந்த மருத்துவரைத்தான். என் மனத்தைக் கவர்ந்த அடுக்களையோ எழுத்தாளர் கிம் யங்-ஹ்யூனும் இயக்குநர் லீ பியங்-ஹூனும் சேர்ந்து கட்டியது. நாடி பார்க்கும் காட்சிகளை அம்மா பயபக்தியோடு பார்ப்பதையும் நான் மறைக்கக் கூடாது. இன்னும் சொல்லப்போனால், நான் வெறுக்கும் சோய் சாங்குங்கின் மீதுதான் அவருக்கு ஆர்வம் அதிகம், அந்தப் பெண்மணி புருவத்தை உயர்த்தினாலே, “இப்ப என்ன சொல்றா?” என்று என் தோளைத் தட்டுவார். வாசித்துச் சொல்லத் தேவையில்லாத பகுதிதான் கடல் கடந்து நிலைக்கிறது என்ற என் கருத்துக்கு என் வீட்டிலேயே இப்படியோர் எதிர்ச்சான்று இருக்கிறது.

எனவே நண்பருக்கு நான் தரும் பதில் இதுதான்: முதல் பாதியை மகளோடு மட்டுமின்றி வீட்டிலுள்ள மூத்தவர்களையும் அழைத்து அமர்த்திப் பாருங்கள், சமையலை இவ்வளவு மரியாதையோடு காட்டிய வேறொரு தொடரை நான் கண்டதில்லை. ஹான் சாங்குங் இறந்ததும் நிறுத்திவிடுங்கள். மூத்தவர்கள் நிறுத்த விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வரிகளை வாசித்துச் சொல்லப் பொறுமையுள்ள ஆள் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.