நாலரை வருடப் பவளத் தொட்டி: வளராமல் நின்றதற்கு நான் கண்ட காரணங்கள்

மலேசியாவில், பினாங்கு பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் உயிருள்ள பவளம் வளர்க்கும் 3 அடி நீளத் தொட்டி ஒன்று ஓடுகிறது. ஏறக்குறைய 190 லிட்டர் கடல் தண்ணீர், உப்புப் பொடியில் கலக்கியது. முதல் இரண்டு வருடத்தில் நான் வைத்த அக்ரோபோரா (கிளைவிடும் பவள வகை) துண்டு 1 செ.மீ. கூட ஏறவில்லை. சாகவுமில்லை. நிறம் நன்றாக இருந்தது, இரவில் பாலிப் (பூப்போன்ற சின்னச் சின்ன உயிர்கள்) விரித்தது, ஆனால் அப்படியே நின்றது. அந்த இரண்டு வருடமும் இன்னும் எதை வாங்கி ஊற்றலாம் என்றே தேடிக்கொண்டிருந்தேன். அமினோ அமிலம், அயோடின், பெயரே வாயில் நுழையாத போத்தல்கள் எல்லாம் வாங்கினேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

பவளம் தன் எலும்பைக் கால்சியம் கார்பனேட்டில் கட்டுகிறது. கால்சியத்தை எல்லாரும் அளக்கிறோம், கடல் நீரில் அது 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் 410 பங்கு) வாக்கில் ஏராளமாக இருப்பதால் சட்டென்று குறையாது. சட்டென்று இறங்குவது காரத்தன்மை, அதாவது எலும்புக்கு வேண்டிய கார்பனேட் பங்கைக் காட்டும் அளவு, நாம் கேஎச் என்று சொல்வது. கடலில் அது 7 அளவில் அசையாமல் நிற்கிறது. என் தொட்டியிலும் 8.5 என்றுதான் என் சொட்டுக் கிட் (மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி) வாரா வாரம் காட்டியது. பட்டர்வொர்த்தில் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணன், "தம்பி, பவளத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உன் கிட்டைச் சந்தேகப்படு" என்றார். ஒரு சனிக்கிழமை போத்தலில் தண்ணீர் பிடித்து, ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிப் போனேன். அவருடைய ஹன்னா டிஜிட்டல் கருவி 6.5 என்றது. மறுபடி அளந்தோம், அதே 6.5. வீட்டுக்கு வந்து என் கிட் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், காலாவதியாகிப் பதினொரு மாதம். வாங்கும்போதே தேதி பார்த்திருக்க வேண்டும்.

அதே கருவியை நானும் வாங்கி ஒரு வாரம் தினமும் அளந்தபோதுதான் முழு விஷயமும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றி, பஃபர் (கேஎச்சை ஏற்றும் கரைசல்) ஊற்றியதும் 8.6. அப்புறம் நாளுக்கு 0.35 வீதம் இறங்கி, சனிக்கிழமை 6.5. அதாவது ஞாயிறு விருந்து, வாரக் கடைசியில் பட்டினி. இரண்டு வருடமாக நான் செய்தது இதுதான். அக்ரோபோரா மாதிரியான பவளத்துக்குக் கேஎச் 7.5ஆ 9ஆ என்பதைவிட, நேற்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். டோசிங் பம்ப் (அளந்து தானே ஊற்றும் பம்ப்) மாட்டி, ஒரு நாளுக்கு உரிய பஃபரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து இரண்டு மணிக்கு ஒரு முறை விடச் செய்தேன். இத்தனை வருடத்தில் வாங்கியவற்றில் பணத்துக்கு முழு மதிப்புக் கொடுத்தவை அந்தக் கருவியும் இந்தப் பம்ப்பும்தான்.

ஆறாவது வாரம் என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இதோட ஓரத்துல வெள்ளையா இருக்கு, செத்துப் போகுதா?" பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துண்டை ஒட்டியிருந்த பிளக்கின் (சின்ன அடிக்கட்டையின்) மேல் நூல் அளவுக்கு வெள்ளை விளிம்பு, அதன் மேல் கண்ணாடித் தாள் போல மெல்லிய சதை. அது புது வளர்ச்சி. பவளத்தின் சதைக்குள்ளே குடியிருக்கும் நுண்பாசி இன்னும் அங்கே வந்து சேராததால்தான் வெள்ளை. கிளை நுனி வெளிறி இருப்பதும் இதனால்தான். சாகும் பவளத்தில் சதை உரிந்து வெறும் எலும்பு தெரியும், இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டால் குழப்பம் வராது. இன்னொன்று, துண்டு முதலில் அடியில் படர்ந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலே கிளம்புகிறது. அந்த மாதங்களில் வளரவில்லை என்று நினைத்து இடம் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. நான் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

அடுத்தது பிஎச், தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்; இறங்கினால் அமிலப் பக்கம். இரவில் ஏர்கானுக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு நான்கு பேர் தூங்குகிற வீடு, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு தொட்டியிலும் இறங்குகிறது. விடியற்காலை 7.7 காட்டும். எலும்பு கட்டும்போது பவளத்துக்குள் அமிலம் சேரும், அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளித் தண்ணீரே அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் அந்த வேலைக்கே பாதித் தெம்பு போய்விடும். ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை, வெளிக்காற்றை இழுக்கட்டும் என்று ஜன்னல் வழியாக வெளியே விட்டேன், செலவு ஆறு வெள்ளி (ரிங்கிட்). அப்புறம், ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டு விடும் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தேன். ஆமாம், பாட்டி வெற்றிலையில் தடவிய அதே நீர்த்த சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை ஊற்றாதீர்கள், சுத்தமான உணவுத் தரப் பொடி வாங்குங்கள். தெளிந்த நீரின் பிஎச்சே 12க்கு மேல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மெதுவாகவே சொட்ட விடுங்கள். இப்போது விடியற்காலையில் 8.1.

மற்றவை சுருக்கமாக. தொட்டியில் பாசி படருமென்று பயந்து பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், பவளமெல்லாம் வெளுத்தது. மீன் தீனியைக் கூட்டி நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் வரையிலும் பாஸ்பேட்டை 0.05 பிபிஎம் வாக்கிலும் வைத்த பிறகே நிறம் திரும்பியது. நம் ஊர் வெயிலுக்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும். மின்விசிறியை மட்டும் நம்பி ஒரு வருடம் ஓட்டினேன், இந்த ஈரக் காற்றில் 29 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இப்போது 26. மின்கட்டணம் வலிக்கத்தான் செய்கிறது.

இவ்வளவும் சரி செய்தும் வளராதவை உண்டு, அவற்றின் மேல் கோபப்படாதீர்கள். கடலிலேயே உருண்டைப் பொரைட்டிஸ் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் பருக்கும், சில கிளை அக்ரோபோராக்களோ 10 செ.மீ.க்கும் மேல் ஓடும். என்னிடமுள்ள சிவப்பு டிராக்கிபில்லியா (சதைப்பற்றான பவள வகை) நாலரை வருடத்தில் சதை நன்றாக ஊதியிருக்கிறது, எலும்பு அரை விரல் அளவு கூடியிருந்தால் பெரிது. நன்றாகச் சாப்பிடுகிறது, அது போதும்.

மகள் மாதம் முதல் தேதி ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கிறாள். பம்ப் மாட்டிய முதல் 14 மாதத்திலேயே அந்த அக்ரோபோரா 6 செ.மீ. ஏறி, ஐந்து கிளை விட்டது. அன்று நாளுக்கு 0.35 குடித்த தொட்டி இன்று 1 கேஎச் குடிக்கிறது, பாதியைச் சுண்ணாம்புத் தண்ணீரும் மீதியைப் பம்ப்பும் ஈடுகட்டுகின்றன. ஒரு கிளை கண்ணாடியைத் தொட்டுவிட்டது. வருகிற சனிக்கிழமை அதை வெட்டி, பட்டர்வொர்த் அண்ணனுக்குக் கொண்டுபோகிறேன்.