நோயின் நடுவே பாடிய பதினொரு பாடல்கள்: ஜோயி ரமோனின் தனி ஆல்பம்

‘டோன்ட் வொரி அபௌட் மீ’ என்ற ஆல்பம் 2002 பிப்ரவரியில் சாங்க்சுவரி நிறுவனத்தின் வெளியீடாக வந்தபோது, அதைப் பாடிய ஜோயி ரமோன் இறந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. நிணநீர்ப் புற்றுநோயோடு சில ஆண்டுகள் போராடிய அவர், 2001 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காலமானார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அப்போது ஒரு மாதமே இருந்தது. இந்தச் சூழலில் வெளியானதால் ஆல்பத்தைப் பலரும் ஓர் இரங்கற்பாவாகவே கேட்டார்கள்; இன்றும் அப்படியே கேட்கிறார்கள். அப்படிக் கேட்பது இந்த ஆல்பத்துக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து. இதில் ஒருவர் தன் சாவைப் பற்றிப் பாடவில்லை. மருந்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தனக்கு மிச்சமிருந்த அன்றாடத்தை, தான் சிறுவயதிலிருந்து நேசித்த மூன்று நிமிடப் பாப் பாட்டின் வடிவத்தில், சுயஇரக்கம் சிறிதும் இல்லாமல் பாடியிருக்கிறார். இதன் அருமையும் குறையும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸில் வளர்ந்த ஜெஃப்ரி ஹைமன் என்பவரே ஜோயி ரமோன். 1974-இல் அவரும் அவருடைய நண்பர்கள் மூவரும் சேர்ந்து, ஆளுக்கொரு ‘ரமோன்’ என்ற பொய்க் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு ‘ரமோன்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். ஜோயி முதலில் டிரம்ஸ் வாசித்தவர், பிறகுதான் பாடகரானார். மன்ஹாட்டனின் பவரி சாலையில் இருந்த சிபிஜிபி என்ற சிறிய அரங்கில் அவர்கள் வாசித்த இசையிலிருந்துதான், வேகமும் எளிமையுமே அடையாளமான பங்க் ராக் இசையின் இலக்கணம் பெருமளவு உருவானது. 1976-இல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். அனைத்தும் சேர்ந்து 29 நிமிடங்கள்தான். ஜானி ரமோனின் கிதார் மேலிருந்து கீழாக மட்டுமே ஓயாமல் இறங்கி வெட்டும். தனி வாசிப்புக்கோ அலங்காரத்துக்கோ அங்கே இடமில்லை. அந்தக் கட்டுப்பாட்டோடு 1996 வரை 2,263 நிகழ்ச்சிகளை நடத்திவிட்டு அந்தக் குழு கலைந்தது.

ஜோயியின் மனமோ எப்போதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சற்று வெளியேதான் இருந்தது. 1960-களின் பெண்கள் குழுக்களையும், குறிப்பாக ரோனட்ஸையும், அவர் உருகி நேசித்தார். 1980-இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ரமோன்ஸ் ஆல்பத்தில் ரோனட்ஸின் பாடல் ஒன்றை வயலின்கள் சூழப் பாடினார். 1999-இல் ரோனட்ஸின் முன்னணிப் பாடகி ரோனி ஸ்பெக்டருக்காக ஒரு குறுந்தொகுப்பைத் தயாரிப்பதில் பங்கேற்றார். இரும்பு வேலியைப் போன்ற அந்தக் கிதார் ஓசைக்குப் பின்னால் ஒரு காதல் பாடகர் நின்றுகொண்டிருந்தார் என்பதை ரமோன்ஸ் ரசிகர்கள் அறிவார்கள். வேலி இல்லாமல் அவர் பாடினால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இந்தத் தனி ஆல்பம் விடை தருகிறது, அரைகுறையாக அல்ல, பெரும்பாலும் நிறைவாகவே.

ஆல்பத்தைத் தயாரித்தவர் டேனியல் ரே. ரமோன்ஸின் 1987-ஆம் ஆண்டு ஆல்பத்தையும் 1995-இல் வந்த கடைசி ஆல்பத்தையும் உருவாக்கிய கைகள் அவருடையவை. இங்கே கிதாரையும் அவரே வாசிக்கிறார். ‘டிக்டேட்டர்ஸ்’ குழுவின் ஆண்டி ஷெர்னாஃப் பேஸ் கிதாரும், ஃபிராங்க் ஃபுனாரோவும் ரமோன்ஸின் டிரம்ஸ் கலைஞர் மார்க்கி ரமோனும் பாடல்களைப் பகிர்ந்துகொண்டு டிரம்ஸும் வாசிக்கிறார்கள். எல்லோரும் ஜோயியை நெருக்கமாக அறிந்தவர்கள். அந்த நெருக்கம் இசையில் கேட்கிறது. யாரும் முந்திக்கொண்டு தன் திறமையைக் காட்டுவதில்லை, பாடகர் மூச்செடுக்க வேண்டிய இடங்களில் கிதார் தானாகவே ஒதுங்கி வழிவிடுகிறது. ஒலிப்பதிவில் எனக்கு ஒரு குறை உண்டு. கிதார்களை அடுக்கடுக்காக நிரப்பி, ஓசையின் விளிம்புகளை மழுங்கடித்திருக்கிறார் ரே. 1970-களின் ரமோன்ஸ் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே நிற்கும் அந்த வறண்ட தெளிவு இங்கே இல்லை. நடுவிலுள்ள சில பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதற்கு இது முக்கியமான காரணம்.

முதல் பாடலாக ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ வருகிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1967-இல் தம் அறுபத்தாறாவது வயதில் பாடியது அது. பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்த அந்தப் பாடல், அவருடைய சொந்த நாட்டில் அன்று ஏறக்குறைய யாராலும் கவனிக்கப்படவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் பதிவு தந்தி வாத்தியங்களின் மேல் மெல்ல மிதந்து செல்லும். ஒரு முதியவர் தோட்டத்து நாற்காலியில் சாய்ந்தபடி உலகைப் பார்த்து மகிழும் நிதானம் அதில் இருக்கும். ஜோயியின் பதிவு கிதார்களின் அதிரடியோடு தொடங்கி, முழு வேகத்தில் ஓடுகிறது. பங்க் குழுக்கள் பழைய பாடல்களை வேகமாக்கிக் கிண்டல் செய்வது வழக்கம். இதுவும் அப்படியொரு கேலியாக இருக்கும் என்று முதல் சில நொடிகளில் தோன்றலாம். ஜோயியின் குரல் நுழைந்ததும் அந்த ஐயம் நீங்கிவிடுகிறது. மரங்களையும் வானத்தையும் குழந்தைகளையும் பற்றிய ஒவ்வொரு வரியையும், உண்மை என்று அழுத்திச் சொல்வதைப்போல் நேராகப் பாடுகிறார். சொல்லின் கடைசி எழுத்தை லேசாக விக்கியபடி வெட்டி முடிக்கும் அவருடைய பழைய பாணி இங்கே புதுப் பொருள் கொள்கிறது. ஒவ்வொரு வரியையும் விட மனமில்லாமல் பிடித்து நிறுத்துகிறார் என்று எனக்குத் தோன்றியது. வேகம் அந்தப் பாட்டின் மேல் படிந்திருந்த சர்க்கரைப் பூச்சை உதிர்த்துவிட்டது. மைக்கேல் மூர் தம் ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ ஆவணப்படத்தில், வன்முறைக் காட்சிகளுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் பதிவையும் படம் முடிந்து பெயர்கள் ஓடும் இடத்துக்கு ஜோயியின் பதிவையும் பயன்படுத்தினார். முன்னதைக் கசப்பான முரணாக்கிய அவர், பின்னதை அப்படி வளைக்காமல் விட்டது சரியான செயல்.

ஆல்பத்தின் இதயம் ஒன்பதாவது பாடலில் இருக்கிறது. ‘ஐ காட் நாக்ட் டௌன்’ என்று தொடங்கும் தலைப்பு, அடைப்புக்குள் ‘எழுந்துவிடுவேன்’ என்ற உறுதியோடு முடிகிறது. மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்கிறார். மறப்பதற்கு மருந்து கேட்கிறார். எனக்கு என் வாழ்க்கை வேண்டும் என்கிறார். அவ்வளவுதான். உருவகம் இல்லை, கடவுளிடம் முறையீடு இல்லை, தத்துவம் இல்லை. நோயைப் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் கேட்பவரை அழவைக்கத் திட்டமிட்டே எழுதப்படுகின்றன. இந்தப் பாடல் தன் எரிச்சலை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கைதட்டிப் பாடக்கூடிய ஒரு பல்லவிக்கு நகர்ந்துவிடுகிறது. பல மாதங்கள் மருத்துவமனை வார்டில் நோயாளிக்குத் துணையாக இருந்தவர்கள் இதன் நேர்மையை உடனே உணர்வார்கள். அங்கே துயரத்தைவிடச் சலிப்புக்குத்தான் நேரம் அதிகம். அந்தச் சலிப்பைப் பாட்டாக்கத் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

அதே தொலைக்காட்சி இன்னொரு பாடலில் மகிழ்ச்சியின் ஊற்றாக வருகிறது. ‘மரியா பார்ட்டிரோமோ’ என்பது ஒரு செய்தியாளரின் பெயர். 1995-இல் நியூயார்க் பங்குச் சந்தையின் தளத்தில் நின்று நேரலையில் செய்தி சொல்லி, சிஎன்பிசி தொலைக்காட்சியின் வழியாக நாடறிந்த முகமானவர். ஜோயிக்குப் பங்கு முதலீட்டில் மெய்யான ஆர்வம் இருந்தது. சந்தையில் என்ன நடக்கிறது, என் பங்குகள் எப்படி இருக்கின்றன, நீ சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் பாடுவதை ஒரு பங்க் பாடகரின் துரோகமாகக் கருதுகிறவர்கள் இருக்கக்கூடும். எனக்கு இது ஆல்பத்தின் மிக அன்பான பாடல். வீட்டை விட்டு அதிகம் வெளியேற முடியாத ஒருவருக்கு, ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் வந்து பேசும் ஒரு முகம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, ரோனட்ஸ் பாணிக் காதல் பாட்டின் துள்ளலோடு சொல்லிவிடுகிறார். 2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் நாஸ்டாக் குறியீடு உச்சத்தைத் தொட்டுச் சரிந்த பிறகு வெளியானதால், அந்தப் பொங்குமாங்காலத்தின் ஓர் ஆவணமாகவும் இப்பாடல் நின்றுவிட்டது.

‘ஸ்டாப் திங்கிங் அபௌட் இட்’ இன்னும் சில வார்த்தைகளுக்கு உரியது. மெட்டு மட்டுமே அளவுகோல் என்றால் இதையே நான் முதலில் வைப்பேன். நினைத்து நினைத்து மருகாதே என்று ஒருவருக்கு அறிவுரை சொல்லும் பாடல் அது. வாழ்நாள் முழுவதும் எண்ணச் சுழல் நோயால் அவதிப்பட்ட ஜோயி அதைப் பாடும்போது, அறிவுரை யாருக்கு என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்ளலாம். பல்லவியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் இடம், ரமோன்ஸ் குழுவுக்குள் அவரால் ஒருபோதும் இவ்வளவு தாராளமாகச் செய்ய முடியாதது.

மற்றவை இந்த உயரத்துக்கு வரவில்லை. ‘மிஸ்டர் பஞ்சி’யில் பிரிட்டனின் ‘டேம்ட்’ பங்க் குழுவின் கேப்டன் சென்சிபிள் வந்து கலகலப்பூட்டினாலும், பாடல் ஒரு விளையாட்டாகவே முடிகிறது. ‘ஸ்பிரிட் இன் மை ஹௌஸ்’, ‘வென்டிங்’, ‘லைக் எ டிரக்’ ஆகிய மூன்றும் கனமான நடுவேகக் கிதார்களில் சிக்கிக்கொண்டு, கேட்டு முடித்ததும் மெட்டு நினைவில் நிற்காதவை. ‘வென்டிங்’ பாடலில் காலம் கெட்டுவிட்டது என்ற அங்கலாய்ப்பு வேறு. இவ்வளவு திறந்த மனத்தோடு பாடும் ஒருவரிடம் அது ஒட்டவில்லை. ‘செர்ச்சிங் ஃபார் சம்திங்’ மட்டும் வேகத்தைக் குறைத்துக் காதுக்கு ஓய்வு தருகிறது. ஆல்பம் மொத்தமே அரைமணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது என்பதால், இந்தத் தொய்வு பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நீளவில்லை.

முடிவுக்கு முன்னதாக ‘ஸ்டூஜஸ்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘1969’ வருகிறது. இருபத்தொரு வயதும் போய்விட்டது, செய்வதற்கு எதுவுமில்லை என்று ஓர் இளைஞன் அலுத்துக்கொள்ளும் பாடல். ரமோன்ஸ் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் வந்து, அவர்களுக்கு வழி காட்டியவற்றில் ஒன்று. அந்த ஆண்டில் ஜோயிக்கு வயது பதினெட்டு. அவர் அதை அடக்கமாக, மூலத்தின் தாளத்தை மதித்துப் பாடுகிறார். புதுமை குறைவு, நன்றி நிறைய. அடுத்து வரும் தலைப்புப் பாடலின் பெயரே, இறந்தவர் ஒருவர் நமக்குச் சொல்லும் செய்தியாகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வரிகளைக் கவனித்துக் கேட்டால் அது ஒரு காதல் முறிவுப் பாடல் என்பது தெரியும்: நீ போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற வீறாப்பு. அதை அந்த அளவிலேயே கேட்கும்போதுதான் அதன் துடிப்பு முழுமையாகக் கிடைக்கிறது.

2012-இல் ‘யா நோ?’ என்ற பெயரில் ஜோயியின் இரண்டாவது ஆல்பம் வெளியானது. அவர் விட்டுச்சென்ற பதிவுகளின் மேல் பிறர் இசை சேர்த்து முடித்த அந்தத் தொகுப்பில் நல்ல பாடல்கள் இருந்தாலும், பல இடங்களில் அது மற்றவர்களின் கற்பனையாகவே ஒலிக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் முதல் ஆல்பத்தையே வாங்கலாம். ரமோன்ஸை இதுவரை கேட்டிராதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். 1976-இன் முதல் ஆல்பத்தையும், அடுத்த ஆண்டு வந்த ‘ராக்கெட் டு ரஷ்யா’வையும் முதலில் கேட்டு, அந்தக் குரல் இருபத்தைந்து வயதில் எப்படி இருந்தது என்பதைக் காதில் ஏற்றிக்கொண்டு இதற்கு வாருங்கள். நேரம் குறைவாக உள்ளவர்கள் முதல் பாடல், ‘ஸ்டாப் திங்கிங் அபௌட் இட்’, ‘மரியா பார்ட்டிரோமோ’, ஒன்பதாவது பாடல் ஆகிய நான்கையும் ஆல்பத்தில் உள்ள வரிசையிலேயே கேளுங்கள்.