ஜூமா டீலக்ஸ்: சுடுவதைவிடச் சுடாமல் விடுவது கடினமான விளையாட்டு

பாப்கேப் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'ஜூமா டீலக்ஸ்' கணினி விளையாட்டைப் பற்றி, அதை ஆடியவர்களிடையே இரண்டு குறைகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. மூளைக்கு வேலையே இல்லாத வெறும் பொழுதுபோக்கு என்று ஒரு சாரார் அதை ஒதுக்குகிறார்கள். பிற்பகுதிக்குப் போனவர்களோ, அங்கே திறமைக்கு இடமில்லை, வரும் நிறம்தான் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்கிறது என்று வருந்துகிறார்கள். நெடுநாளாக இதை விரும்பி ஆடிவருபவன் என்ற முறையில், இவ்விரு கருத்துகளும் இந்த விளையாட்டின் மையத்தில் இருக்கும் ஒரு விதியைக் கவனிக்காததால் எழுந்தவை என்றே நினைக்கிறேன்.

ஆட்டம் எளிமையானது. திரையில் ஒரு கல் தவளை அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து செல்லும் பாதையில் பல நிறக் குண்டுகள் சங்கிலியாக உருண்டு வருகின்றன. மவுஸை நகர்த்தினால் தவளை திரும்பும், இடது பொத்தானை அழுத்தினால் வாயிலுள்ள குண்டைத் துப்பும். ஒரே நிறத்தில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அவை மறையும். பாதையின் முடிவிலிருக்கும் பொன் மண்டையோட்டைச் சங்கிலி எட்டிவிட்டால் ஓர் உயிர் போய்விடும். பண்டைய அஸ்டெக் கோயில்களின் சாயலில் வரையப்பட்ட இந்த உலகத்தைப் புரிந்துகொள்ள விளக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

நான் குறிப்பிட்ட அந்த விதி, சங்கிலி நகரும் முறையில் இருக்கிறது. மலையேறும் ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதைப் போல, குண்டுகளை நகர்த்தும் விசை சங்கிலியின் வால் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே நடுவில் ஒரு தொகுதியை அழித்தால், முன்னே தனித்து நிற்கும் பகுதி, பின்பகுதி வந்து முட்டும் வரையில் அசையாமல் அங்கேயே நிற்கும். ஆனால் இடைவெளியின் இரு ஓரங்களிலும் ஒரே நிறக் குண்டுகள் இருந்தால், முன்பகுதி பின்னோக்கி இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும்; அப்படி ஒட்டும்போது மூன்று சேர்ந்தால் அவையும் மறைந்து, சில வேளைகளில் அடுத்தடுத்த தொகுதிகளும் தாமாகவே சரியும். ஓரிடத்தில் அழிப்பதால் நேரம் கிடைக்குமா, அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைப்பது நல்லதா, சிவப்பை இப்போது அழிக்காமல் அதன் இருபுறமும் மஞ்சள் வந்து சேரும் வரை பொறுத்தால் இரட்டைப் பலன் கிட்டுமா என்ற கணக்குகள் எல்லாம் இந்த ஒரே விதியிலிருந்து பிறப்பவை. வேகமாகச் சுடுகிறவரைவிட, எதைச் சுடாமல் விட வேண்டும் என்று அறிந்தவரே நெடுந்தூரம் போகிறார்.

புள்ளிகள் வழங்கும் முறையும் இந்தப் பொறுமைக்கே பரிசளிக்கிறது. அருகிலுள்ள வளைவில் இருக்கும் இடைவெளியின் ஊடே குண்டைச் செலுத்தி, அதற்கு அப்பாலுள்ள வரிசையை அழிப்பவருக்குக் கூடுதல் புள்ளி உண்டு. ஒரு குண்டையும் வீணாக்காமல் தொடர்ந்து அழித்துக்கொண்டே போகிறவருக்கும் தனிப் பரிசு உண்டு. ஐம்பதாயிரம் புள்ளிகளுக்கு ஓர் உயிர் கிடைப்பதால், இவற்றை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. கோயில் கோயிலாகப் பிரிந்திருக்கும் இந்த ஆட்டத்தில் கடைசிக் கோயில் வரை செல்ல விரும்புகிறவருக்கு இவையே கைமுதல்.

அதிர்ஷ்டம் பற்றிய குறைக்கு வருகிறேன். அடுத்து வரவிருக்கும் குண்டின் நிறம் தவளையின் முதுகிலேயே தெரியும், வலது பொத்தானை அழுத்தினால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அதாவது எந்த நொடியிலும் இரண்டு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவரிடம் இருக்கிறது. இந்த வலது பொத்தானை மறந்துவிட்டு ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த விளையாட்டு நிச்சயமாகச் சூதாட்டமாகத்தான் தோன்றும். இருந்தாலும், ஆறு நிறங்களும் கலந்து, பாதை சுரங்கத்துக்குள் மறைந்து வெளிப்படும் நிலைகளிலும், இரண்டு சங்கிலிகள் இரு வேறு பாதைகளில் வரும் நிலைகளிலும், தேவையான நிறம் வரத் தாமதித்தால் ஈடுகட்ட வழியில்லாத தருணங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. வேகத்தைக் குறைக்கும் குண்டு, சங்கிலியைப் பின்னுக்கு உருட்டும் குண்டு, சுற்றிலும் வெடித்து அழிக்கும் குண்டு ஆகியவை அத்தகைய வேளையில் காப்பாற்றும். ஆனால் அவை எப்போது தோன்றும் என்பது நம் கையில் இல்லை.

எல்லா உயிர்களையும் இழந்தால், அந்தக் கட்டத்தின் முதல் நிலைக்கே திரும்ப வேண்டியிருப்பதை ஆடுவோர் மிகுதியாகக் குறைசொல்கிறார்கள், அது நியாயமானதே. முன்பே கடந்துவிட்ட எளிய நிலைகளை மீண்டும் ஆடுவதில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஓய்வுக்காகச் சற்று நேரம் ஒதுக்குகிறவருக்கு அது பெரிய தண்டனை.

ஒலியைப் பற்றி ஒரு சொல். சங்கிலி முடிவை நெருங்க நெருங்க மண்டையோட்டின் வாய் திறப்பதும், அதனுடன் எச்சரிக்கை ஒலி எழுவதும், பார்வை வேறிடத்தில் இருக்கும்போதும் ஆபத்தைச் சரியாக உணர்த்திவிடுகின்றன. குண்டுகளை அழிக்க அழிக்க நிரம்பும், திரையின் மேலுள்ள பட்டை முழுதும் நிறைந்ததும் 'ஜூமா' என்று ஒரு குரல் ஒலிக்கும். அதன் பிறகு புதிய குண்டுகள் வருவதில்லை; பாதையில் எஞ்சியவற்றை மட்டும் அழித்தால் போதும். இந்தக் குரலைக் கேட்ட கணத்தில் கிடைக்கும் நிம்மதியை வேறு எளிய விளையாட்டுகளில் நான் அவ்வளவாக அனுபவித்ததில்லை.

இதன் அடிப்படை பாப்கேப் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் மிட்செல் நிறுவனம் 1998-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களுக்காக உருவாக்கிய 'பஸ் லூப்' விளையாட்டில், நடுவிலிருந்து சுடும் கருவியும் சுருளாக வரும் குண்டுகளும் ஏற்கெனவே இருந்தன. மூலப் படைப்புக்குரிய பெருமை அதற்கே சேர வேண்டும். 2005-இல் மம்போஜம்போ வெளியிட்ட 'லக்ஸர்' எகிப்தியச் சூழலை எடுத்துக்கொண்டு, சுடும் கருவியைத் திரையின் அடியில் இடவலமாக நகரும்படி அமைத்தது. சுழன்று குறிபார்க்கும் தேவை அதில் இல்லாததால் புதியவர்கள் அதை எளிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கோ எல்லாப் பக்கமும் கவனம் வைக்க வேண்டிய தவளையின் நெருக்கடிதான் பிடித்திருக்கிறது.

ஜூமாவின் அடுத்த பாகமாக 2009-இல் வந்த 'ஜூமாஸ் ரிவெஞ்ச்', திரைக் காட்சியின் தரத்திலும் வசதியிலும் முந்தையதைவிட மேலானது. தவளை ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குத் தாவும் நிலைகள் உண்மையான முன்னேற்றம், ஏனெனில் எங்கிருந்து சுடுவது என்ற கேள்வியும் அங்கே கணக்கில் சேர்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் எதிரித் தலைவனுடனான சண்டையைப் பலர் பாராட்டுகிறார்கள். அங்கே சங்கிலியைப் படிக்கும் வேலை பின்தள்ளப்பட்டு, எதிரியைக் குறிபார்த்து அடிப்பதே முதன்மையாகிவிடுவதால் என்னால் அவ்வளவு ரசிக்க முடியவில்லை.

கைபேசிகளில் இன்று கிடைக்கும் இதே வகை விளையாட்டுகளில், நிலைக்கு நிலை விளம்பரம் வந்து எண்ணத்தை அறுக்கிறது. போதாக்குறைக்கு விரலும் பாதையை மறைக்கிறது. முதல்முறையாக ஆட விரும்புகிறவர்கள் கணினியில் மவுஸுடன் தொடங்குவதே நல்லது. 640-க்கு 480 அளவில் அமைந்த பழைய 'ஜூமா டீலக்ஸ்' அகன்ற திரையில் மங்கலாகத் தெரியும் என்பதால், முழுத்திரையில் ஆடாமல் சிறு சாளரத்தில் ஆடினால் கண் உறுத்தாது. கோயில்களை முடித்தவர்கள், முடிவில்லாமல் வேகம் கூடிக்கொண்டே போகும் தனிப் பிரிவை அவசியம் ஆடிப்பார்க்க வேண்டும். முயல், கழுகு, ஜாகுவார், சூரியக் கடவுள் என்று அங்கே நான்கு படிகள் இருக்கின்றன, முயலில் தொடங்கினாலே போதும்.