கழுத்தில் சென்ட்ரல் லைன்: விரலை நம்புவதா, ப்ரோபை நம்புவதா?

சென்ட்ரல் லைன் என்பது பெரிய சிரைக்குள் செலுத்தும் கதீட்டர் குழாய். கழுத்தில் அதைப் போட, விரலால் இடம் தேடுவதா, அல்ட்ராசவுண்டு ப்ரோபால் பார்த்துக் குத்துவதா என்பதுதான் கேள்வி. கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசைக்கு இரண்டு தலைகள்: ஒன்று மார்பெலும்பிலிருந்து, மற்றொன்று காறை எலும்பிலிருந்து. நடுவே ஒரு சிறு முக்கோணம். அதன் உச்சியில் 30 முதல் 45 டிகிரி சாய்வில், அதே பக்க மார்புக் காம்பை நோக்கி ஊசியைச் செலுத்தினால் உள் கழுத்துச் சிரை கிடைக்கும் என்பது பாடம். விரலால் அடையாளம் பார்க்கும் முறையில் பலரும் பழகிய நடுவழி இதுதான்.

எல்லாக் கழுத்திலும் அந்த முக்கோணம் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரு தலைகளும் ஒட்டிப்போய் இடைவெளியே இல்லாதவர்கள் உண்டு. காறைத் தலை இரண்டு மூன்று கீற்றுகளாகப் பிரிந்து, ஒன்றுக்கு இரண்டு முக்கோணம் காட்டுபவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் மோசம். இடைவெளி இல்லையென்றால் கை தானாகத் தயங்கும். போலி முக்கோணமோ தைரியம் கொடுக்கும். வெளிப்பக்கத்துப் பொய் இடைவெளியில் இறங்கும் ஊசி சிரையைத் தவறவிடும். கிடைக்கவில்லையே என்று ஆழம் கூட்டினால் நுரையீரல் உறையோ காறை எலும்புக்கு அடியிலுள்ள சப்கிளேவியன் தமனியோ அடிபடும்.

நினைவோடு இருக்கும் நோயாளியிடம், தலையணையிலிருந்து தலையைச் சற்றுத் தூக்கச் சொல்லுங்கள், தசை புடைக்கும். மார்பெலும்புத் தலையின் கயிறு போன்ற தசைநாரிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவி வந்தால் முதலில் வரும் இடைவெளிதான் நிஜம்.

இடைவெளியே இல்லாதபோது விரல் முறையில் மிஞ்சுவது இரண்டு வழி. முன்வழியில் கரோடிட் என்ற கழுத்துத் தமனியின் துடிப்பை விரலால் உட்பக்கம் ஒதுக்கி, தசையின் முன் விளிம்பிலிருந்து குத்துகிறோம். தலைகளின் அமைப்பு இதில் பெரிதாகக் குறுக்கிடாது. ஆனால் தமனி பக்கத்திலேயே இருக்கிறது. பின்வழியில் வெளிக் கழுத்துச் சிரை தசையின் பின் விளிம்பைக் கடக்கும் இடத்தருகே குத்தி, மார்பெலும்புக் குழியை நோக்கிப் போகிறோம். காறைத் தலை அகலமாக இருந்தால் அந்த விளிம்பே பின்னுக்குத் தள்ளிப்போய், ஊசி தசைக்கடியில் நெடுந்தூரம் குருட்டுப் பயணம் செய்யும். இரண்டில் முன்வழியே மேல்.

அல்ட்ராசவுண்டுக்குத் தசையின் கீற்றுக் கணக்கு தேவையில்லை; சிரையையே நேரில் காட்டுகிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2002-லேயே உள் கழுத்துச் சிரைக்கு இதைப் பரிந்துரைத்துவிட்டது. கருவி இருக்கும்போது விரலை மட்டும் நம்புவதற்கு நியாயமே இல்லை.

ஆனாலும் ப்ரோபும் ஏமாற்றும். ஓமோஹையாய்டு தசையின் குறுக்குவெட்டு கருநிற நீள்வட்டமாகத் தெரிந்து சிரையென்று மயக்கலாம். லேசாக அழுத்திப் பாருங்கள், சிரை நசுங்கும், தசை நசுங்காது. தலையை 45 டிகிரிக்கு மேல் திருப்பினால் சிரை தமனியின் மேலேயே வந்து உட்காரும். குறுக்குவெட்டுப் பார்வையில் ஊசியின் தண்டை நுனியென்று நினைத்து அழுத்துபவர், சிரையின் பின்சுவரையும் தாண்டிக் கரோடிட்டில் போய் நிற்பார்.

ரத்தத்தின் நிறத்தையும் துடிப்பையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறைந்தவரிடம் தமனி ரத்தமும் கறுத்து மெதுவாகத்தான் வரும். குத்திய வழியை அகலப்படுத்தும் டைலேட்டரை எடுப்பதற்கு முன், ஊசி வழியே விட்ட கைட் வயர் என்ற வழிகாட்டிக் கம்பி சிரைக்குள்தான் இருக்கிறதா என்று நெடுக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். வெறும் ஊசி தமனியில் பட்டால் எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்கலாம். டைலேட்டரோ கதீட்டரோ தமனிக்குள் போய்விட்டால் உருவாதீர்கள். அப்படியே விட்டு, ரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.