அவசரச் சரக்குக்கு வான் ஓட்டுவது இன்னும் கட்டுபடியாகுமா?

ஒன்ராறியோவில் சொந்த வான் வைத்து அவசர லோட் ஓடுகிறவருக்கு இன்றைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நெடுந்தூரம் ஓடலாம். ஒன்ராறியோவுக்குள்ளேயே தொழிற்சாலைகளுக்கும் விமான நிலையத்துக்கும் ஓடலாம். அல்லது வானை விற்றுவிட்டு, பின்னால் பெட்டி கட்டிய 26 அடி லொறி ஒன்றுக்கு மாறலாம். முதலாவதைச் சில வருடங்கள் ஓடிவிட்டு இரண்டாவதற்கு வந்தவன் நான். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அவசரச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். கார்த் தொழிற்சாலைகள் பாகங்களைக் களஞ்சியத்தில் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்கு வரவழைக்கின்றன. ஒரு பெட்டி பிந்தினால் முழு வரிசையும் நின்றுவிடும். அதைத் தவிர்க்க ஒரு தனி வானுக்கு என்ன வாடகையும் கொடுப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், இந்த அவசரம் எல்லாத் துறைக்கும் பரவியது. வாடகை ஏறியது; பார்த்தவர்கள் எல்லாம் வான் வாங்கினார்கள். 2022இல் சரக்கு குறையத் தொடங்கியபோது வான்கள் குறையவில்லை. "அண்ணை, இப்போதும் வான் ஓடினால் காசு மிஞ்சுமா?" என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த இரண்டு வருட வாடகையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம்.

வான் இன்றும் இவ்வளவு பேரை இழுப்பதற்குக் காரணம் சட்டம். வாகனத்தின் மொத்த எடை வரம்பு ஒன்ராறியோவில் 4,500 கிலோவுக்கும் அமெரிக்காவில் 10,001 இறாத்தலுக்கும் கீழே இருந்தால், லொறிகளுக்குரிய ஓட்டுநேரக் கட்டுப்பாடும் மின்னணுப் பதிவேடும் இல்லை. ஆபத்தான சரக்கு ஏற்றாத வரைக்கும்தான் இந்தச் சலுகை. கார் ஓட்டும் சாதாரண ஜி அனுமதிப்பத்திரம் போதும். ஆனால் வாங்கும்போது கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் பார்த்து வாங்க வேண்டும். வெளித் தோற்றம் ஒன்றாகவே இருக்கும். ஃபோர்ட் ட்ரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வான்களில் கனத்த வகைகள் இந்த வரம்பைத் தாண்டிவிடும். கூடுதலாகச் சில நூறு இறாத்தல் ஏற்றலாமே என்று கனத்த வகையை எடுத்தால், வானின் வருமானத்தோடு லொறியின் கட்டுப்பாடுகள் வந்து சேரும்.

எல்லை தாண்டும் ஓட்டத்தில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அமெரிக்க டொலரில் காசு, நீண்ட மைல்கள், கையில் ஒரே தடவையில் பெரிய தொகை. எங்கள் ஆட்களில் பலர் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். இந்த ஓட்டத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. அது தந்த காசில்தான் வானின் கடன் அடைந்தது. ஆனால் இதன் இலாபத்தைத் தீர்மானிப்பது போகும் மைல் அல்ல, திரும்பி வரும் மைல்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து கென்டக்கியின் லூயிவில்லுக்கு ஏறத்தாழ 600 மைல். அங்கே ஃபோர்ட் லொறித் தொழிற்சாலை இருப்பதால் அந்தப் பக்கம் லோட் கிடைப்பது அபூர்வமல்ல. லோட் தரும் நிறுவனம் தன் பங்கை எடுத்த பிறகு மைலுக்கு ஒரு டொலர் 20 சதம் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது சந்தை நிலவரம் அல்ல, கணக்குக்காக எடுத்த எண். 720 அமெரிக்க டொலர் வரும். வெறும் வானோடு திரும்பினால் மொத்த ஓட்டம் 1,200 மைல். கலனுக்கு 15 மைல் ஓடும் வானுக்கு 80 கலன் பெற்றோல். கலன் மூன்றேகால் டொலர் என்றால் 260 டொலர். ரயர், எண்ணெய், பிரேக், வானின் விலை தேய்வது எல்லாவற்றுக்கும் மைலுக்கு 20 சதம் ஒதுக்கினால் இன்னும் 240. மிச்சம் 220 அமெரிக்க டொலர், அதாவது கனேடியக் காசில் 300. இதற்குப் போனது இரண்டு நாள். காப்புறுதியும் சாப்பாடும் இன்னும் கழிக்கப்படவில்லை.

இதே ஓட்டத்தில் திரும்பும்போது மைலுக்கு 90 சதத்துக்கு ஒரு லோட் அகப்பட்டால் இன்னொரு 540 டொலர் வரும். பெற்றோல் செலவு கூடப் போவதில்லை. எப்படியும் வீட்டுக்கு வரத்தானே வேண்டும். 220 டொலர் 760 ஆகிவிடும். மூன்று மடங்குக்கும் மேல்! போகும் வாடகையில் பத்துச் சதத்துக்காகத் தரகரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கள், திரும்பும் லோட் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் புறப்பட்டுப் போவதை இன்றும் பார்க்கிறேன்.

அந்தத் திரும்பும் லோட் அமெரிக்கச் சாரதிக்கு அகப்படுவதுபோல் நமக்கு அகப்படாது. கனடாவிலிருந்து போகிற சாரதி அமெரிக்காவின் ஓர் ஊரில் ஏற்றி அமெரிக்காவின் இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. கனடாவிலிருந்து கொண்டுபோனதை இறக்கலாம், கனடாவுக்கு வரவேண்டியதை ஏற்றலாம், அவ்வளவுதான். ஒஹாயோக்காரன் லூயிவில்லில் இறக்கிவிட்டு இண்டியானாவுக்கு ஒன்று, அங்கிருந்து மிச்சிகனுக்கு ஒன்று என்று கோத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்வான். நமக்கு லோட் பட்டியல் திரையில் அவை எல்லாம் தெரியும், தொட முடியாது. கனடாவுக்கு வரும் சிறிய லோட் ஒன்று விழும்வரை லொறித் தரிப்பிடத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்கு எவரும் காசு தருவதில்லை. அதை நினைத்தே பலர் வெறும் வானோடு வடக்கே திருப்பிவிடுகிறார்கள். கனேடியக் குடியுரிமை எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நான் இப்போது ஓடும் ஓட்டம். மிசிசாகாவில் ஏற்றி விண்ட்சரில் இறக்குவது, கேம்பிரிட்ஜ், வூட்ஸ்டொக், அலிஸ்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பாகம் கொண்டுபோவது, பியர்சன் விமான நிலையத்தில் சரக்கு எடுப்பது. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் கார்ப் பாகங்கள் பெரும்பாலும் மடக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடைகளில் போகின்றன. அந்தக் கூடைகள் வெறுமையானதும் பாகம் செய்யும் கம்பனிக்குத் திரும்ப வேண்டும். அவை திரும்பி வந்தால்தான் அடுத்த தொகுதியை அடுக்க முடியும். கூடைக்குத் தட்டுப்பாடு வந்தால் அவர்கள் அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டும். அதைத் தொழிற்சாலை விரும்பாது. ஆகவே திரும்பும் வானில் வெற்றுக் கூடைகளை ஏற்ற ஒரு தொகை தரச் சம்மதிக்கிறார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் உறுதியான தொகை.

அதே மாதிரிக் கணக்கு: மிசிசாகாவிலிருந்து விண்ட்சர் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். போகும் வழிக்குக் கிலோமீற்றருக்கு ஒரு கனேடிய டொலர் பத்துச் சதம் என்றால் 385. கூடைக்கு 100 என்று வைப்போம். 700 கிலோமீற்றருக்கு 110 லீற்றர் பெற்றோல். லீற்றர் ஒரு டொலர் 40 சதம் என்றால் 154. தேய்மானத்துக்குக் கிலோமீற்றருக்கு 17 சதப்படி 119. மிச்சம் 212 டொலர். ஒரே நாளில், இரவுச் சாப்பாடு வீட்டில். கூடை இல்லாவிட்டால் இதுவே 112 ஆகிவிடும். அப்போது இந்த ஓட்டத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளரிடம் பேசும்போது வாடகையை விட்டுக்கொடுத்தாவது கூடையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது இதனால்தான்.

உள்ளூர் ஓட்டத்திலும் கரைச்சல் இல்லாமல் இல்லை. பழைய களஞ்சியங்களின் ஏற்றுமேடை லொறிக்காகக் கட்டியது, நிலத்திலிருந்து நாலடி உயரம். வானின் தளம் அதைவிட ஒன்றரை அடிக்கு மேல் தாழ்வு. வானைப் பின்னால் விட்டு நிறுத்தினால், சரக்கு அடுக்கிய பலட் என்ற மரத்தட்டோடு வரும் ஃபோர்க்லிஃப்ட் ஓரத்தில் நின்றுவிடும். கீழே நிலத்தில் இறங்க அதற்குச் சரிவுப்பாதை இல்லை. மேடையில் ஒருவர் நின்று பெட்டி பெட்டியாக நீட்ட, நான் வானுக்குள் குனிந்து நின்று அடுக்க, இருபது நிமிட வேலை ஒன்றரை மணிநேரமாகும். ஆகவே புதிய இடம் என்றால் நிலமட்டக் கதவு இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். விமான நிலையத்துக் களஞ்சியங்களில் வேறு வகைத் தாமதம்: பத்திரம் சரியாக வந்திருக்காது, சுங்க விடுவிப்பு வந்திருக்காது. காத்திருப்புக் காசு எத்தனையாவது நிமிடத்திலிருந்து ஓடும் என்பதை எழுத்தில் வாங்காமல் பியர்சன் பக்கம் போவது வீண். அங்கே ஒரு சரக்கு முகவர் எனக்குத் தரவேண்டிய காத்திருப்புக் காசு இன்னும் வந்து சேரவில்லை.

வரி விடயத்தில் ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. எல்லை தாண்டும் சரக்கு வாடகைக்கு எச்எஸ்டி என்ற விற்பனை வரி பூச்சியம். ஒன்ராறியோவுக்குள் 13 வீதம் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். வருடத்துக்கு 30,000 டொலருக்கு மேல் போனால் பதிவு கட்டாயம். சுயதொழில் என்பதால் ஓய்வூதியப் பங்களிப்பில் தொழில் தருநரின் பங்கையும் நாமே கட்டுகிறோம், இரண்டும் சேர்த்து 11.9 வீதம். வருட முடிவில் இது கையைக் கடிக்கும்.

செலவுப் பக்கத்தில் 2025 கொஞ்சம் கருணை காட்டியது. ஏப்ரலில் பெற்றோல் மீதான கார்பன் கட்டணம் நீங்கியது. ஜூனில் 407 நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதி, பிக்கரிங்குக்கு அப்பால், கட்டணமில்லாததாகியது. ஏஜாக்ஸ் பக்கத்தில் இருந்து புறப்படும் எங்கள் ஆட்களுக்கு ஓஷவா போக இது உதவி. மேற்கே தனியார் பகுதியில் கட்டணம் அப்படியேதான். வரவுப் பக்கத்தில் அதே வருடம் கொடுமையானது. அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 வீதத் தீர்வை போட்டது. பிரம்டன் தொழிற்சாலைக்கென்று வைத்திருந்த ஜீப் வகை ஒன்றின் உற்பத்தி அமெரிக்காவின் இலினோய்க்குப் போனது, இங்கர்சொலில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் மின்வான் உற்பத்தியை நிறுத்தியது. உள்ளூர் ஓட்டத்தை நம்பியிருக்கும் என் போன்றவர்களுக்கு இது நேரடி அடி. ஆகவே கார்ப் பாகங்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. வாரத்தில் ஒரு பகுதியை விமானச் சரக்குக்கும் இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் வைத்திருக்கிறேன். மருத்துவப் பொருட்களில் நல்ல காசு என்கிறார்கள். அதில் எனக்கு அனுபவம் போதாது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்கி நிற்கிறேன்.

வானை விற்கும்போதும் இந்த இரண்டு ஓட்டங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. எல்லை தாண்டி முழுநேரம் ஓடுகிற வான் மூன்று வருடத்தில் ஐந்து இலட்சம் கிலோமீற்றரை எட்டுவது சாதாரணம். அந்த மீற்றரைப் பார்த்தவுடன் வாங்குகிறவர் பழைய இரும்பு விலை பேசுவார். உள்ளூரில் அதில் பாதிதான் ஏறும். ஆனால் நகரத்து நின்று-போதலில் பிரேக்கும் கதவுத் தண்டவாளமும் சீக்கிரம் தேயும், உப்புத் தூவிய வீதியில் அடித்தட்டு துருப்பிடிக்கும். எந்த வான் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன்: ராம் கம்பனியின் புரோமாஸ்டர் வானின் தளம் தாழ்வு, கையால் ஏற்ற இலகு. டீசல் ஸ்பிரின்டர் நெடுந்தூரத்துக்கு அருமை, ஆனால் புகைச் சுத்திகரிப்புப் பகுதி பழுதானால் கராஜ் சீட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். நான் வைத்திருப்பது பெற்றோல் ட்ரான்சிட், நாலு சக்கரத்துக்கும் விசை போகும் வகை. சதம் (Chatham) நகரப் பகுதியில் ஏரிப் பனி அடிக்கும் நாட்களில் 401 நெடுஞ்சாலையில் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது வழியான பெட்டி லொறிக்கு வருவோம். பன்னிரண்டு பலட் ஏற்றும், ஏற்றுமேடைக்குச் சரியான உயரம், பின்னால் தூக்கிமேடை பூட்டினால் எங்கும் இறக்கலாம். மொத்த எடையை 11,000 கிலோவுக்குள் பதிந்தால் ஜி அனுமதிப்பத்திரத்திலேயே ஓட்டலாம். மூன்று பலட்டோடு முடிந்துபோகும் வானுக்குப் போட்டியாளர் ஆயிரம். லொறிக்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் வாசலில் வணிக வாகனம் நடத்துவோருக்கான சிவிஓஆர் பதிவு, வருடாந்தப் பரிசோதனை, ஓட்டுநேரப் பதிவு என்று வடிகட்டி இருக்கிறது. என் மைத்துனர் ஒருவர் இதற்கு மாறி நன்றாகத்தான் ஓடுகிறார். ஆனால் அவருக்குப் பழுது வந்தால் இழுத்துப் போகும் செலவே என் ஒரு வார வருமானம். காப்புறுதித் தொகையும் வேறு உலகம். அவருடைய வருடக் கணக்கை நான் பார்த்ததில்லை, ஆகவே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

புதிதாக வருகிறவர் வான் பார்க்கப் போவதற்கு முன்னர் காப்புறுதி முகவரிடம் போக வேண்டும். அமெரிக்கா போவேன் என்று சொன்னால் ஒரு தொகை, ஒன்ராறியோவுக்குள் மட்டும் என்றால் இன்னொரு தொகை சொல்வார். இரண்டையும் எழுதி வாங்கி, மாதத்தின் வேலை நாட்களால் பிரித்து, மேலே சொன்ன 300 டொலரில் பாதியிலிருந்தும் 212 டொலரிலிருந்தும் கழித்துப் பார்க்கட்டும். பாதி என்றது, முதலாவது இரண்டு நாள் ஓட்டம் என்பதால். கழித்த பிறகு மிஞ்சுவது ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டாவிட்டால், வேறொருவரின் வானைச் சம்பளத்துக்கு ஓட்டுவது நல்லது. அந்த வேலைக்கு இப்போதும் ஆள் தேடுகிறார்கள்.