எஸ்ஐ-69 சைலேன்: மிக்சர் ஒத்துழைத்தால் மட்டும் வாங்குங்கள்

கார், பைக் டயருக்குச் சிலிக்கா கலந்த டிரெட் (சாலையைத் தொடும் மேல்பகுதி) போடலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது, சிலிக்காவை ரப்பரோடு பிணைக்கும் எஸ்ஐ-69 சைலேன் என்ற திரவத்தின் விலையைத்தான். கிலோ விலையைக் கேட்டதும் பாதிப்பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். விலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் இன்டர்னல் மிக்சர் (மூடிய அறையில் ரப்பரைக் கலக்கும் இயந்திரம்) 145 முதல் 150 டிகிரிக்குள் இரண்டு மூன்று நிமிடம் பேட்ச்சைப் பிடித்து நிறுத்துமா? நிறுத்தும் என்றால் இந்தச் சரக்கு கொடுத்த காசுக்கு வேலை செய்யும். இல்லையென்றால், மட்டமான சரக்கை வாங்கினாலும் உயர்ந்ததை வாங்கினாலும் கிடைக்கப்போவது ஒரே மோசமான காம்பவுண்டுதான் (ரப்பர் கலவை).

1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டெகுசா நிறுவனம் கொண்டுவந்தது இது. இப்போது எவோனிக் பெயரில் வருகிறது. மஞ்சள் கலந்த திரவம், இலேசான சாராய வாடை. மூலக்கூறின் இரு முனையிலும் எத்தாக்ஸி குழுக்கள், நடுவில் சல்ஃபர் சங்கிலி. முனைகள் சிலிக்காவின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும்; நடுவிலுள்ள சல்ஃபர் வல்கனைசேஷன் (சூட்டில் ரப்பரை இறுக்கும் க்யூர்) நேரத்தில் ரப்பரோடு சேர்ந்துகொள்ளும். இது இல்லாமல் சிலிக்காவைப் போட்டால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டிக்கொள்ளும், மூனி (கலவையின் பாகுத்தன்மை அளவு) எகிறும், க்யூரை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் சிலிக்காவே உறிஞ்சிவிடும், டயர் சீக்கிரம் தேயும். மிஷலின் 1992இல் சிலிக்கா டிரெட் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்து உருளல் தடையைக் (டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல்) குறைத்துக் காட்டிய பிறகுதான் இந்த ரசாயனத்துக்கு டயர் உலகில் இவ்வளவு மவுசு. இங்கும் ஏஐஎஸ்-142 தரநிலை உருளல் தடையையும் ஈரச் சாலையில் டயரின் பிடிப்பையும் அளக்கச் சொல்வதால், கார் டயர் செய்கிறவர்கள் இதைத் தவிர்ப்பது கஷ்டம்.

அளவு விஷயத்தில் பழக்கத்தில் இருக்கும் கணக்கு, சிலிக்கா எடையில் 8 சதவீதம். அது கிராமுக்கு 160–175 சதுர மீட்டர் பரப்பளவுள்ள சாதாரண டயர் சிலிக்காவுக்குப் பொருந்தும். சிலிக்கா கிரேடை மாற்றினால் இந்த 8 உதவாது. சிலிக்காவின் சிடிஏபி பரப்பை (சிடிஏபி என்ற ரசாயனத்தால் அளக்கும் மேற்பரப்பு) சிலிக்காவின் அளவால் பெருக்கி, அதை 0.00053ஆல் பெருக்குங்கள். சிடிஏபி 160, சிலிக்கா 100 பங்கு ரப்பருக்கு 80 பங்கு என்றால் 6.8 பங்கு சைலேன் வரும். டிபிஜி என்ற துணை ஆக்சிலரேட்டருக்கும் இதேபோல 0.00012 போட்டால் ஒன்றரைப் பங்கு. டிபிஜியைக் குறைத்துச் செலவு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சிலிக்காவின் அமிலத் தன்மையை அடக்குவதும் சைலேன் வினையைத் தூண்டுவதும் அதுதான்.

கார் டிரெட்டுக்கு ஆரம்பித்துப் பார்க்க ஒரு ஃபார்முலா: எஸ்எஸ்பிஆர் (செயற்கை ரப்பர்) 70, பிஆர் (இன்னொரு செயற்கை ரப்பர்) 30, சிலிக்கா 80, எஸ்ஐ-69 6.4, டிடிஏஇ எண்ணெய் 26, ஜிங்க் ஆக்சைடு 3, ஸ்டியரிக் ஆசிட் 2, 6பிபிடி (ரப்பர் முதுமையைத் தடுப்பது) 2, சிபிஎஸ் (ஆக்சிலரேட்டர்) 1.7, டிபிஜி 1.5 முதல் 2, சல்ஃபர் 1.4. எஸ்எஸ்பிஆர் 37.5 பங்கு எண்ணெய் ஏற்றிய கிரேடு என்றால் 96.25 பங்கு எடுக்க வேண்டும். எண்ணெய் 26 அதற்குள்ளேயே வந்துவிடும். தனியாக மறுபடி ஊற்றினால் ஹார்ட்னஸ் விழுந்துவிடும்.

இனி மிக்சிங். சரக்கின் தரமெல்லாம் இங்கேதான் தெரியும். முதல் ஸ்டேஜில் பாலிமர் ஒரு நிமிடம் அரைபடட்டும். பிறகு சிலிக்காவில் பாதிக்கு மேல், சைலேன் முழுவதும். அது உள்ளே போனதும் மீதிச் சிலிக்கா, எண்ணெய், ஸ்டியரிக் ஆசிட். ராமை (கலவையை மேலிருந்து அழுத்தும் பாகம்) தூக்கிக் கழுத்தில் ஒட்டிய தூளைத் தள்ளிவிட்டு, சூடு 145ஐத் தொட்டதும் ரோட்டர் வேகத்தைக் குறைத்து அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டரை நிமிடம், பிறகு 150–155இல் டம்ப் (மிக்சரிலிருந்து இறக்குவது). வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியில்லாத ஒற்றை வேக மிக்சரில் இது நடக்கவே நடக்காது. சூடு 140இலிருந்து 165க்கு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஜிங்க் ஆக்சைடை முதல் ஸ்டேஜில் போடுவது கார்பன் பிளாக் காம்பவுண்டுப் பழக்கம். சிலிக்காவில் அது சைலேனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எனவே 6பிபிடியோடு சேர்த்து இரண்டாம் ஸ்டேஜுக்குத் தள்ளுங்கள். சல்ஃபர், சிபிஎஸ், டிபிஜி கடைசியில், 105 டிகிரி தாண்டாமல்.

சூடு 160ஐத் தாண்டினால் சல்ஃபர் சங்கிலி மிக்சருக்குள்ளேயே உடைந்து ரப்பரைக் கட்ட ஆரம்பிக்கும். மில்லில் (உருளை இயந்திரம்) ஷீட் ஓரம் கிழிந்து கிழிந்து வரும், மூனி ஏறியிருக்கும். அந்த பேட்ச்சை எத்தனை முறை ரீமில் செய்தாலும் பழையபடி ஆகாது. 135க்குக் கீழே டம்ப் செய்தால் எதிர்க் கோளாறு: வினை அரைகுறை. இது கண்ணுக்குத் தெரியாது, க்யூரை அளக்கும் ரியோமீட்டரில்தான் மாட்டும். 160 டிகிரியில் எம்டிஆர் (ரியோமீட்டர் வகை) கர்வைப் பாருங்கள். க்யூர் தொடங்குவதற்கு முன்பே, முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் டார்க் (முறுக்கு விசை) ஒரு சின்ன மேடாக எழும்பி, கொஞ்சம் தட்டையாகி, அப்புறம்தான் நிஜமான ஏற்றம் வரும். சிலிக்கா மறுபடி கட்டிக்கொள்கிறது என்பதன் கையெழுத்து அந்த மேடு. ஒழுங்காக வினை முடிந்த காம்பவுண்டில் அந்த இடத்தில் கோடு கீழே படுத்திருக்கும். ஆர்பிஏ என்ற ரப்பர் சோதனைக் கருவி இருக்கிறவர்கள் பெயின் எஃபெக்டையும் (சிலிக்கா எவ்வளவு கட்டிக்கொண்டது என்பதைக் காட்டுவது) பார்த்துவிடலாம். இல்லாதவர்களுக்கு இந்த மேடே போதும்.

எத்தனால் பற்றி விற்பனையாளர்கள் வாயே திறப்பதில்லை. 200 கிலோ பேட்ச்சில் சைலேன் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். வினை முழுமையாக நடந்தால் அதிலிருந்து 3 கிலோ அளவுக்கு எத்தனால் வெளியேறும். 71 கிலோ சிலிக்காவில் 6 சதவீத ஈரம் என்றால் 4 கிலோவுக்கு மேல் தண்ணீர் வேறு. இரண்டும் குளிர்ந்த சேம்பர் சுவரில் படிந்தால் பேட்ச் வழுக்கும், மோட்டார் ஆம்பியர் விழும், சூடு ஏறாது. ஜாக்கெட் தண்ணீரைக் குளிரவிடாமல் வைத்துக்கொண்டு, இடையில் ஒருமுறை ராமைத் தூக்கி ஆவியை வெளியேற்றுங்கள். மேலே எக்ஸாஸ்ட் கட்டாயம். எரியும் ஆவி என்பதை மறக்க வேண்டாம். மிக்சரில் வெளியேறாதது, டிரெட்டைப் பிதுக்கித் தரும் எக்ஸ்ட்ரூடரில் வெளியேறும். டிரெட்டைக் குறுக்கே வெட்டினால் ஊசிக் குத்துபோலத் துளைகள் தெரிகின்றனவா, காரணத்தை மிக்சிங் ஸ்டேஜில் தேடுங்கள்.

திரவத்தை எடை போட பம்ப் வசதி இல்லாத சின்ன யூனிட்டுகளுக்கு எக்ஸ்50-எஸ் நல்லது. பாதி சைலேன், பாதி என்330 என்ற கார்பன் பிளாக். அளவை இரட்டிப்பாக்க வேண்டும்; 6.4 என்பது 12.8 ஆகும், கூடவே வரும் பிளாக்கை ஃபார்முலாவில் கழித்துக்கொள்ளுங்கள். எடை பிசகாது, ஒழுகாது. கிலோ கணக்கில் மலிவாகத் தெரிவது ஏமாற்றம், பாதி பிளாக்தானே.

சூட்டுக் கட்டுப்பாடு கொஞ்சம் தடுமாறும் மிக்சர் என்றால் டைசல்ஃபைடு வகையான எஸ்ஐ-266 பக்கம் போகச் சொல்வோம். சல்ஃபர் சங்கிலி குட்டை, அதனால் 160ஐ ஒட்டிப் போனாலும் சட்டென்று உடையாது. 6.4க்குப் பதில் 5.7 பங்கு போதும். ஆனால் எஸ்ஐ-69இல் சல்ஃபர் 22 சதவீதத்துக்கு மேல், இதில் 15ஐ ஒட்டி. க்யூருக்குச் சல்ஃபரை 0.5 பங்குபோலக் கூட்டாமல் அப்படியே மாற்றிவிட்டு, மாடுலஸ் (விறைப்பு) விழுந்துவிட்டது என்று சரக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

லாரி, பஸ் டிரெட்டுக்கு முழுச் சிலிக்கா–சைலேன் கலவையைப் பரிந்துரைக்க மாட்டோம். இயற்கை ரப்பரில் முழுச் சிலிக்கா போட்டால் உருளல் தடை குறையும், தேய்மானத்தில் அடி வாங்கும். கல் வெட்டு தாங்க வேண்டும் என்றால் பிளாக்கோடு 10–15 பங்கு சிலிக்கா, அதற்கேற்ற சின்ன அளவு சைலேன், அவ்வளவு போதும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சந்தையில் யார் தயாரித்தாலும் 'எஸ்ஐ-69' என்றே பில் போடுகிறார்கள். மொத்தச் சல்ஃபர் சதவீதமும் பாலிசல்ஃபைடு பகிர்வும் (எந்த நீளச் சல்ஃபர் சங்கிலி எவ்வளவு என்பது) இல்லாத சான்றிதழை ஏற்காதீர்கள். சல்ஃபர் 22க்கு வெகுவாகக் கீழே இருந்தால் அது வேறு சரக்கு. டிரம்மைத் திறந்தால் காற்றின் ஈரத்தில் எத்தாக்ஸி குழுக்கள் வினைபுரியத் தொடங்கிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில், மழைக்காலத்தில், பாதி டிரம்மை மூடாமல் அடுத்த வாரத்துக்கு வைப்பது காசைக் கரைப்பதுதான். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேட்ச் மட்டுமே ஓட்டுகிறவர்கள் பெரிய டிரம் வேண்டாம், சின்ன கேனில் கேளுங்கள். கிலோவுக்கு விலை கூடும், ஆனால் கடைசிக் கிலோ வரை ஒரே சரக்காக இருக்கும்.